ஜீப்பின் கூட்டுக்கு அடியில் ஒரு ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இது நடந்தது. நான் முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுக்குப் போகும் வழியில், கடலுக்குக் கிட்டவாக உள்ள ஒரு கிராமத்தில் மனைவியோடு குடியிருக்கிறேன். சொந்த இடம் வவுனியாவில் நெளுக்குளம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒரு பொருளின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது, அது எப்போது கவிழும் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறி விளக்குகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும்.

நெளுக்குளத்தில் ஒரு கமக்காரரின் வளவில் பல வருடமாக ஓடாமல் நின்ற பழைய ஜீப் ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். எஞ்சின் பரவாயில்லை. அடிச்சட்டம்தான், செசி என்பார்களே, அது கறள் பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதைத் திருத்துவதென்றால் மேலே இருக்கும் தகட்டுக் கூட்டை முழுதாகக் கழற்றித் தூக்கவேண்டும். ஒரு கராஜில் விட்டிருக்கலாம். மனைவியும் அதைத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. வீட்டு முற்றத்தில் ஒருவர் தனியாக நின்று இதே வேலையைச் செய்யும் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். அவரால் முடிந்தால் எனக்கென்ன என்ற எண்ணம்.

பக்கத்து வீட்டில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும். அவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் நான்தான். எங்கள் இரு வளவுக்கும் பொதுவான வேலியில் அவர்கள் வலை காயப்போடுவார்கள். அந்த மணம் எனக்கு ஒத்துவரவில்லை. நேரே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கிராம சேவையாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதோடு நிற்காமல், என் பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தகரமும் அடித்தேன். அதன் பிறகு எட்டு மாதம், தெருவில் கண்டாலும் அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கூட்டைக் கழற்ற எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். எஞ்சினை முன்பே இறக்கியிருந்தேன். கதவுகள், இருக்கைகள், முன்பக்கத் தகடுகள் எல்லாவற்றையும் எடுத்தேன். கூட்டைச் செசியோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் பாதி கறளில் இறுகிப்போயிருந்தன. அவற்றை அறுத்தேன். பிறகு ஒரு மூலையை ஜாக்கியால் நாலு விரல் உயர்த்துவது, அங்கே ஒரு சீமெந்துக் கல் வைப்பது, அடுத்த மூலைக்குப் போவது. இப்படியே சுற்றிச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்குக் கொண்டுவந்தேன். கூட்டின் கீழே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்களைக் குறுக்கே போட்டு, அவற்றின் நான்கு முனைகளையும் கல் அடுக்குகளில் ஏற்றினேன். சனிக்கிழமை பின்னேரம், செசியைச் சில்லோடு முன்னால் இழுத்தபோது அது சுகமாக வெளியே வந்தது. கூடு மட்டும் நான்கு கல்தூண்களில் நின்றது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

அப்போது தெருவால் போன பக்கத்து வீட்டுக்காரர் வாசல் படலையடியில் நின்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக என்னோடு கதைத்தார்.

“சேர், அது மணல். கல்லுக்கு அடியில பலகை போடுங்கோ. குழாய் உருளும், அதுக்கும் ரெண்டு பக்கமும் ஏதும் அண்டை வைச்சுத் தடுங்கோ.”

“கணக்குப் பாத்துத்தான் வைச்சிருக்கிறன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கணக்குப் பார்த்திருந்தேன். கூட்டின் நிறை எவ்வளவு, ஒரு கல் அடுக்குக்கு எவ்வளவு வரும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளில் மணல் இல்லை, மழையும் இல்லை.

அன்றிரவு நல்ல மழை. காலையில் வானம் வெளித்திருந்தது. மனைவி தாயைப் பார்க்க நெளுக்குளத்துக்குப் போயிருந்தார். நாய்கள் உள்ளே வராதபடி படலையை உள்ளால் பூட்டிவிட்டு, கம்பித் தூரிகையோடு கூட்டின் கீழே போய்க் குந்திக்கொண்டு கறள் சுரண்டத் தொடங்கினேன். தொலைபேசி குசினிக்குள் சார்ஜில் கிடந்தது.

அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். ஒரு இடத்தில் கறள் கட்டியாக இருந்ததால் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். முன்பக்க இடது அடுக்கு மெல்லச் சரிவதைக் கண்ணால் கண்டேன். சத்தம் கூட இல்லை. ஈர மணலுக்குள் ஒரு பக்கம் இறங்கியது. குழாய் உருண்டு, முன்பக்கம் முழுதும் இறங்கியது. வெளியே பாய்ந்தேன், ஆனால் முழுதாக அல்ல. கூட்டின் விளிம்பு என் இடது மேல்கையையும் தோளையும் சேர்த்து மணலோடு அமத்தியது.

மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கும் தகட்டின் விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். பின்பக்க அடுக்குகள் இரண்டும் இன்னும் நின்றன, ஆனால் சரிந்து நின்றன. அதில் ஒரு கல் வெடித்திருந்தது. நான் அசையும்போதெல்லாம் அதிலிருந்து சீமெந்துத் தூள் கொட்டியது. கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் ஊரே தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தது. கடல் இரைச்சல் வேறு. எத்தனை தரம் கத்தினேனோ தெரியாது. பிறகு, தகரவேலிக்கு அங்கால் ஒரு குரல் கேட்டது.

“ஆர்? சேரோ?”

பக்கத்து வீட்டு அம்மா. முழங்கால் வீங்கியதால் அன்று அவர் பூசைக்குப் போகவில்லை. படலை பூட்டியிருக்கிறது என்று சொன்னேன். அதன் பிறகு தகரம் கிழியும் சத்தம் மட்டும் கேட்டது. ஆணியோடு தகரத்தைப் பிடுங்கி வளைத்து, அந்த இடைவெளியால் உள்ளே வந்தார். வலது உள்ளங்கையால் இரத்தம் வடிந்தது. சேலைத் தலைப்பை அதில் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தார்.

“எங்க பிடிச்சிருக்கு?”

“கை. இடது கை.”

“விரலை ஆட்டிப் பாருங்கோ.”

ஆட்டினேன். ஆடியது.

“அக்கா, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்கோ. நான் கையை இழுத்திடுவன்.” அதற்கு முன் அவரை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அவர் கூட்டைத் தொடவில்லை. சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“நான் தூக்கமாட்டன், சேர். இதைத் தூக்கினா பின்பக்கம் வழுக்கி உங்கட நெஞ்சில வந்து நிக்கும். முதல் முட்டுக் குடுப்பம்.”

படகைக் கரையில் உருட்டி ஏற்றுவதற்கு அவர்கள் பனங்குற்றிகள் வைத்திருப்பார்கள். அதில் இரண்டை வேலி இடைவெளியால் உருட்டிக்கொண்டு வந்தார். அந்த முழங்காலோடு எப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒன்றைப் பின்பக்கத்தில் இறுக்கினார். மற்றதை என் நெஞ்சுக்கு நேரே, கூட்டுக்கும் மணலுக்கும் இடையில் காலால் தள்ளிச் செருகினார். அடியில் முற்றத்தில் கிடந்த பலகைத் துண்டு ஒன்றையும் வைத்தார்.

“இனி வந்தாலும் இதில தான் நிக்கும். ஆடாமக் கிடவுங்கோ. உங்கட சைக்கிளை எடுக்கிறன். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

என் சட்டைப்பையிலிருந்த படலைத் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்துவிட்டு அவர் போன பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. கல்லைப் பற்றி அல்ல. அவர் திரும்பி வருவாரா என்று. கோயில் ஒரு கிலோமீற்றர் தூரம். அவர் ஆற அமரப் போகலாம். போகாமலும் விடலாம். எட்டு மாதமாக அந்தக் குடும்பத்தை நான் என்ன பாடு படுத்தினேன் என்பது அப்படிக் கிடக்கும்போது வரிசையாக ஞாபகம் வந்தது. கடிதத்தில் நான் எழுதிய “சுகாதாரக் கேடு” என்ற சொல் கூட வந்தது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். விடை வருமுன் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

பிறகு கேள்விப்பட்டேன். அவர் சைக்கிளைக் கோயில் வாசலில் போட்டுவிட்டு, நேரே பீடம் வரை நடந்துபோய், பாதரிடம் விசயத்தைச் சொல்லியிருக்கிறார். பாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, “தூக்கத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் போங்கோ” என்றாராம்.

மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள், ஓடியும் வந்தார்கள். பதினைந்து பேர் வரையில். எல்லோரும் பூசைக்கு உடுத்த வெள்ளைச் சேர்ட்டோடு. அந்த அம்மாவின் கணவர்தான் முன்னால் வந்தார். வந்தவர் ஈர மணலில் குப்புறப் படுத்து, தொலைபேசி வெளிச்சத்தை அடித்து, என் கை எங்கே அகப்பட்டிருக்கிறது, கூடு எதில் நிற்கிறது என்று பார்த்தார். அவசரப்பட்டு விளிம்பில் கை வைத்த ஒருவரை நிறுத்தினார்.

“ஒருத்தரும் தொடாதேங்கோ. நான் சொன்னாப் பிறகு தூக்கினாப் போதும்.”

முன்னுக்கு எட்டுப் பேர், பின்னுக்கு நாலு பேர். இரண்டு பேர் குற்றிகளோடு பக்கத்தில். கரையில் படகு தூக்குகிறவர்களுக்குக் குரலுக்கு எழும்பவும் குரலுக்கு நிற்கவும் தெரியும்.

“எழும்பட்டும். எழும்பட்டும். நில். குற்றியைத் தள்ளு. இப்ப சேரை எடு.”

ஒரு சாண்தான் உயர்த்தினார்கள். அந்த ஒரு சாணில் யாரோ என் கக்கத்துக்குள் கை கொடுத்து இழுத்தார்கள். தோள் நகர்ந்தபோது எனக்குக் கண் இருண்டது. கண் திறக்கும்போது பாதரின் வாகனத்தில் கிடந்தேன். முன் இருக்கையில் அந்த அம்மா சேலை சுற்றிய கையோடு இருந்தார்.

மேல்கை எலும்பு முறிந்து, தோள்மூட்டு விலகியிருந்தது. தரை ஈர மணலாக இருந்ததால்தான் கை மணலுக்குள் புதைந்து நசியாமல் தப்பியது என்று டொக்டர் சொன்னார். அந்த அம்மாவின் உள்ளங்கைக்கு ஏழு தையல்.

வீட்டுக்கு வந்தபோது நத்தார்ப் பண்டிகை முடிந்திருந்தது. முற்றத்தில் ஜீப்பின் கூடு ஆடாமல் அசையாமல் நின்றது. பனங்குற்றிகளில் ஏற்றி, கீழே அகலப் பலகைகள் போட்டு, குற்றிகள் உருளாதபடி இரு பக்கமும் ஆப்பு வைத்திருந்தார்கள். திறந்திருந்த கதவு வாய்களுக்குக் கூடச் சட்டம் வளையாமல் குறுக்கே தடி கட்டியிருந்தார்கள். மனைவியும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். நன்றி சொல்லப் பல வசனம் யோசித்துக்கொண்டு போனேன். ஒன்றையும் முடிக்க விடவில்லை.

“அதை விடுங்கோ சேர்” என்றார் கணவர். “கிராம சேவையாளரிட்டக் குடுத்த கடிதத்தைத் திருப்பி எடுங்கோ. ரெண்டு தரம் கூப்பிட்டு விசாரிச்சுப் போட்டினம்.”

“நாளைக்கே எடுக்கிறன்.”

“தகரத்தையும்” என்றார் அவர் மனைவி, எங்களுக்குத் தேத்தண்ணி வைத்தபடி. அவர் கையில் இன்னும் கட்டு இருந்தது.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அக்கா, நான் உங்களுக்கு இவ்வளவு செய்தனான். பிறகும் ஏன் வந்தனீங்கள்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

“நீங்கள் கத்தினது கேட்டது. வந்தனான்.”

அதற்குப் பிறகு வலை காய்கிற மணம் எனக்குப் பழகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்னும் பழகவில்லை, ஆனால் சொல்வதென்றால் நேரே போய்ச் சொல்கிறேன். ஜீப்பை முடிக்க மேலும் ஒரு வருடம் எடுத்தது. கூட்டைத் திரும்பச் செசியில் இறக்கிய அன்று குரல் கொடுத்தவர் அந்த அம்மாவின் கணவர்தான். நான் ஒரு கையால் ஒரு மூலையைப் பிடித்து, அவர் சொன்னபோது தூக்கி, அவர் சொன்னபோது நிறுத்தினேன்.

இப்போது எங்காவது ஒரு சத்தம் கேட்டால், கத்துவது யார் என்று யோசிக்குமுன் எழும்பிவிட என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு வந்ததுபோல அது எனக்கு இன்னும் தானாக வருவதில்லை.