ஜன்னல் மேஸ்திரி வீட்டுச் சமையலறை

மயிலாப்பூரில் கச்சேரி சாலை மசூதிக்குப் பின்னால் குடியிருந்த இனாயத் மேஸ்திரியை ஊரில் பாதிப்பேர் ஜன்னல் மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். அவர் கட்டிய வீட்டில் காற்றுக்குப் பஞ்சமே இருக்காது. கடற்காற்று எந்தப் பக்கம் வரும், மதியத்துக்குமேல் எப்படித் திரும்பும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து ஜன்னல் வைப்பார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, "இப்போ இன்னா சொல்றீங்க?" என்று கேட்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரியே தன் பெருமையைப் பேச ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காமல் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சிவிட முடியாது.

சிவப்புத் துருக்கித் தொப்பி, சித்திரை வெயிலிலும் கழற்றாத கறுப்புக் கோட்டு, சுண்ணாம்பு படிந்த செருப்பு. ஐம்பதைத் தொட்டுவிட்ட வயது. கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். ஒரு கிளாஸ் டீ வந்தால் இறங்கிவிடும். ஆனால் யாராவது புத்தி சொன்னால் மட்டும் எந்த டீயாலும் அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

அப்பேர்ப்பட்டவரைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மாம்பலத்துப் பக்கம் ஏரியும் வயலுமாகக் கிடந்த இடமெல்லாம் தியாகராய நகர் என்று ஆகி, மனை மனையாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் கட்டினால் ஊர் மூச்சு முட்டிப்போகும் என்று அதிகாரிகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரிகள் எல்லோரும் மாலை வகுப்புக்கு வந்து கட்டட விதிகளைப் படித்து சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதோடு விட்டார்களா? விதி மாறும்போதெல்லாம் மறுபடியும் வந்து படிக்க வேண்டுமாம்.

"சின்ன வயசுல ஒரு தபா ஃபெயிலாயிட்டு, போதும்டா சாமின்னு கரணைய கையில எடுத்தவன் நான். இப்போ கெழவனான அப்பால ஃபெயிலாவறதுக்குக் கூப்புட்றாங்க" என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தார் இனாயத். போகப்போவதில்லை என்றும் சொன்னார். போகாமல் இருக்க முடியாதபடி வந்து சேர்ந்தார் வக்கீல் பாண்டுரங்கன்.

பாண்டுரங்கன் தியாகராய நகரில் ஒரு மனை வாங்கியிருந்தார். மூலை மனை. இரண்டு பக்கமும் தெரு, மேலே மாடியும் எழுப்புவதாக ஏற்பாடு. ஜன்னல் வைப்பதற்கென்றே பிறந்த மனை அது. இனாயத் அதை ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சாப்பாட்டுத் தட்டில்கூட விரலால் பிளான் போட்டுக்கொண்டிருந்தார். வக்கீலோ கறாரான ஆள்.

"தை பொறந்ததும் கடைக்கால் எடுக்கணும் மேஸ்திரி. சர்டிபிகேட் இருந்தா நீங்க கட்டுங்க. இல்லேன்னா வேற ஆள் காத்துக்கிட்டு இருக்கார்" என்றார்.

இனாயத் மறுநாளே வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

பகலெல்லாம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. பெஞ்சுகளும் பிள்ளைகளுக்குச் செய்தவைதான். மீசையும் தொப்பையுமாக இருபது முப்பது மேஸ்திரிகள் அதில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்க்கவே தெருவில் கூட்டம் நின்றது. வெயிலில் நின்றுவிட்டு வந்தவர்கள், விளக்கேற்றினதும் பாதிப்பேர் தூங்கி வழிந்தார்கள். பாடம் நடத்தியவர் ராஜகோபாலன் என்ற இளவயது ஓவர்சியர். நல்ல மனிதர். குறட்டைச் சத்தம் அதிகமானால் மட்டும் பாடத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

இனாயத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது தேசப்பனுக்கு. கடற்கரைக் குப்பத்து ஆள். பரம்பரையே கட்டுமரத்தில் போகிற குடும்பம். இவருக்கு மட்டும் அலையைக் கண்டாலே தலை சுற்றும். அதனால்தான் தரையில் வீடு கட்ட வந்துவிட்டார். எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற சுபாவம் அவருக்கு. அது எப்பேர்ப்பட்ட ஆபத்தென்று இனாயத்துக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் விட வேண்டும், தரை தெருவைவிட எவ்வளவு உயர வேண்டும் என்று பாடம் நடந்தது. மனிதர் புழங்கும் எந்த அறைக்கும் ஜன்னல் வேண்டும், அடுப்பு எரியும் அறைக்குக் கட்டாயம் வேண்டும் என்று ராஜகோபாலன் சொன்னபோது இனாயத் எழுந்து நின்றார். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அவருக்குப் பட்டது.

"சார், கோஷா வீட்டுல இன்னா பண்றது? பொம்பளைங்க வெளி ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது. அடுப்பங்கரைக்குப் பின்னால ஜட்கா வண்டி நிக்கிற எடம்னு வெச்சுக்கோங்க. ஜன்னல் வெச்சா வண்டிக்காரன் பாப்பானே?"

"நல்ல கேள்வி" என்றார் ராஜகோபாலன். "ஜன்னலை ஆள் உயரத்துக்கு மேல, கூரையை ஒட்டி வையுங்கோ. சட்டத்துல பலகைகளைச் சாய்வா அடிச்சுடுங்கோ. காத்து போகும், கண் போகாது."

"வண்டி மேல ஏறி நின்னு பாத்தான்னா?"

"வண்டி மேல ஏறி நின்னுண்டு பிறத்தியார் ஆத்து அடுக்களையை எட்டிப் பாக்கறவனுக்கு விதி போலீஸ் இலாகாவுல இருக்கு, மேஸ்திரி."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். இனாயத்தும் சிரித்தபடி உட்கார்ந்தார். கேள்வி கேட்டுப் பேர் வாங்கிய சந்தோஷத்தில் அது யார் வீட்டுக் கேள்வி என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

யோசிக்கும்படி ஆனது கடைசிப் பரீட்சையில்தான். எழுத்து வராதவர்கள் பாதிப்பேர் இருந்ததால் ராஜகோபாலன் புதுவிதமாக ஒன்று செய்தார். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். விதிப்படி என்ன குறை என்று வகுப்பில் வந்து வாயால் சொல்ல வேண்டும். வீட்டில் குறை இருந்தால் அதைச் சரிசெய்தால்தான் அந்த மேஸ்திரிக்கு சர்டிபிகேட்.

இனாயத்தின் முகம் சுருங்கியது.

சந்திலேயே முதல் மொட்டைமாடி வீடு அவருடையது. சுற்றிலும் ஓட்டு வீடுகளாக இருந்தபோது உத்திரம் போட்டு, செங்கல்லை நிறுத்திப் பரப்பி, சுண்ணாம்பு இடித்துத் தளம் போட்டார். ஒரு சொட்டு ஒழுகாது. ஒரு இழை புகையும் வெளியே போகாது. ஓட்டு வீட்டிலாவது இடுக்கு வழியாகப் புகை கசியும். இந்தச் சமையலறையில் கதவைத் தவிர ஓட்டையே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து மனைவி அன்வரி பேகம் ஒரு ஜன்னல் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஜட்கா நிற்கிறது என்றார். மழை முடியட்டும் என்றார். ரம்ஜான் போகட்டும் என்றார். அந்தச் சுவரைத் தொட்டால் மாடியே இறங்கிவிடும், பெரிய வேலை என்றார். ஊருக்கெல்லாம் ஜன்னல் வைக்கிறவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

முதலில் இனாயத்தான் தேசப்பன் வீட்டுக்குப் போனார். குப்பத்து ஓரத்தில் இருந்த அந்த வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். கிணற்றுக்குப் பக்கத்தில் சாக்கடை, தாழ்ந்த வாசற்படி என்று குறைகளை அடுக்கினார். தேசப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, மறுநாளே மண்வெட்டியோடு இறங்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகு தேசப்பன் இனாயத் வீட்டுக்கு வந்தார். இனாயத் கூடத்தைக் காட்டினார், மாடியைக் காட்டினார், சமோசா வரவழைத்தார். தேசப்பன் சமோசாவைத் தின்று முடித்துவிட்டு, "அடுப்பங்கரைய பாக்கணுமே பாய்" என்றார்.

"கோஷா வீடு நைனா. உள்ள போவக் கூடாது. எல்லாம் கரீட்டா கீது, நான் சொல்றேன்ல."

"ஊட்டுக்காரர் சொல்றத அப்படியே வந்து சொல்லக் கூடாதுன்னு சாரு சொல்லிக்கிறாரே. உள்ள கீறவங்கள கேக்கலாமா?"

தாராளமாகக் கேட்கலாம் என்று இனாயத்துக்குத் தோன்றியது. எந்தப் பெண்சாதி புருஷனைக் காட்டிக் கொடுப்பாள்? உள்வாசலில் தொங்கிய திரையிடம் போய், "அன்வரி, தேசப்பன் கேக்கறதுக்குப் பதில் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு, பார்த்துச் சொல் என்று திரையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தன்னால் அவளைப் பார்க்க முடியாத திரை வழியாக அவளாலும் தன்னைப் பார்க்க முடியாது என்பது ஜன்னல் மேஸ்திரிக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"அடுப்பங்கரையில ஜன்னல் எத்தினிம்மா?" என்று கேட்டார் தேசப்பன்.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் அன்வரி பேகம்.

இனாயத் பலமாக இருமினார்.

"பொக போறதுக்குக் கூண்டு கீதா?"

"இல்ல."

"அப்போ பொக எங்கதான் போவுது?"

"எங்கயும் போவாதுண்ணே. என்கூடயே இருக்கும். அவரு வேலைக்குப் போயிட்டா எனக்கு அதுதான் தொணை."

இனாயத் குறுக்கே விழுந்தார். "பின்னால ஜட்கா நிக்கிற எடம் நைனா. அதனாலதான்..."

"அட இன்னா பாய், அதுக்குத்தான் சாரு வழி சொன்னாரே. ஜன்னல மேல வெச்சு, பலகைய சாச்சு அடிக்கச் சொல்லல? கேட்டதே நீதானே."

"இவரா கேட்டாரு?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள் அன்வரி பேகம்.

"ஆமாம்மா. நல்ல கேள்வின்னு சாரே மெச்சிக்கினாரு."

அன்று அந்தப் பக்கத்திலிருந்து டீ வரவில்லை.

வகுப்பில் தேசப்பன் ஒன்றையும் விடவில்லை. புகைதான் துணை என்று வீட்டம்மா சொன்னதையும் சொன்னார். பெஞ்சுகள் ஆட மேஸ்திரிகள் சிரித்தார்கள். 'ஜன்னல் மேஸ்திரிக்கு இந்த கதியா' என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். ராஜகோபாலன் மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த வகுப்புக்குள்ள ஜன்னல் வெச்சுடுங்கோ, மேஸ்திரி. தேசப்பன் வந்து பாத்துச் சொல்லணும். இல்லேன்னா சர்டிபிகேட் கெடையாது."

மூலை மனை கண்ணெதிரே நழுவிப் போவதைப்போல் இருந்தது இனாயத்துக்கு. தலையில் தொப்பி நிற்காத வேகத்தில் வீட்டுக்கு வந்தார்.

"ஊரே சிரிக்குது. ஜன்னல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா? நான்தான் கண்ணைக் காட்டினேனே?"

"நடுவுல தெரை இருந்துச்சுங்க" என்றாள் அன்வரி பேகம். அவர் கோட்டை வாங்கி மாட்டினாள். "ஊரு ஒரு நாள் சிரிச்சுது. அதையே தாங்க முடியலியா?"

சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல், உளியும் சுத்தியலுமாகச் சமையலறைக்குள் நுழைந்தார். அன்வரி பேகம் சட்டி பானைகளை எடுத்துக் கூடத்தில் அடுக்கினாள். ஏணியில் ஏறி, கூரைக்குச் சற்றுக் கீழே செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். மாடி இறங்கவில்லை. ஒரு பொடி சுண்ணாம்புகூட மேலிருந்து விழவில்லை. சட்டத்துக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. யாரோ வேண்டாமென்று விட்ட, பலகைகளைச் சாய்த்து அடித்த ஜன்னல் ஒன்று கொல்லையில் சாய்ந்து கிடந்தது, அதன்மேல் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. கோழிகளை விரட்டி, அதைக் கழுவி, ஏற்றிப் பொருத்தி, சுற்றிச் சாந்து பூசினார்.

பூசிய சாந்து காய்வதற்குள் தேசப்பன் வந்துவிட்டார். திரைக்கு இப்பால் நின்றபடியே கேட்டார்.

"ஜன்னல் வெச்சாச்சாம்மா?"

"வெச்சாச்சுண்ணே."

"அடுப்ப பத்த வெச்சுப் பாருங்க. பொக போவுதா?"

அன்வரி பேகம் சவுக்குக் கட்டையை வைத்து அடுப்பைப் பற்ற வைத்தாள். புகை எழுந்து, கொஞ்சம் தயங்கி, சாய்ந்த பலகைகளின் வழியே நுழைந்து வெளியே போயிற்று. அந்தப் பக்கம் ஒரு ஜட்காக் குதிரை தும்மியது.

"போவுதுண்ணே" என்றாள்.

"அப்போ குறை ஒண்ணும் இல்ல பாய். சாருகிட்ட சொல்லிட்றேன்" என்று தேசப்பன் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

சர்டிபிகேட் கிடைத்த மாதிரிதான். வக்கீலின் மூலை மனையும் கிடைத்த மாதிரிதான். இனாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. சுண்ணாம்புக் கையோடு சமையலறை நடுவில் போய் நின்று, ஜன்னலைக் காட்டி, "இப்போ இன்னா சொல்றே?" என்று கேட்டார். புது வீட்டுக்காரர்களிடம் கேட்பதைப் போலவே கேட்டார். தன் பெருமையைப் பேச வாயும் திறந்தாயிற்று.

அன்வரி பேகம் ஜன்னலைப் பார்த்தபடியே நின்றாள்.

"மத்தியான லுஹருக்குப் பாங்கு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. இன்னும் நேரம் கீது."

"காலையிலதானே ஆரம்பிச்சீங்க?"

"ஆமா."

"இவ்ளோதானா வேலை?" என்றாள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையலறையில் புகையே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு இனாயத் மேஸ்திரி கூடத்துக்குப் போனார். அங்கே அடுக்கியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கி வைத்தாள்.