இறங்காத தண்ணீர்

முதலில் திரும்பி வந்தது இட்லி. ரசத்தில் ஊறவைத்து, கரண்டியால் மசித்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல எனக்கு நானே ஊட்டிக்கொண்ட கால் இட்லி. நெஞ்சுக்குழியில் போய் நின்றது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. பின்கட்டுக்கு ஓடினேன்.

மதுரையில் எனக்கு உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய்போலத் தைத்துவிடுவது) முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சர்க்கரை கட்டுக்குள் நிற்காமல், மூட்டு தேய்ந்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால்தான் அதற்குச் சம்மதித்தேன். இப்போதும் அந்த முடிவு தவறென்று நினைக்கவில்லை. இதே பாதையில் போகிறவர்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகர் சொல்லித்தான் அனுப்பினார். மடமடவென்று குடிக்கக் கூடாது. வாயை நனைக்கிற அளவுக்கு ஒரு மிடறு, சற்று நேரம் கழித்து இன்னொரு மிடறு. சாப்பாட்டோடு தண்ணீர் சேர்க்கக் கூடாது. முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, கடைசியில்தான் கெட்டியானது. ஆவணி வெயிலில் திருச்சுழியில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை மிடறு மிடறாகக் குடிப்பது எப்படிப்பட்டது என்பது மதுரையின் குளிரூட்டிய அறையில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் சொன்னபடியே செய்தேன்.

நீராகாரம் இருந்தவரை தொந்தரவில்லை. மசித்ததற்கு மாறியதும் வாந்தி தொடங்கியது. கஞ்சிக்குத் திரும்பினேன். அதுவும் வந்தது. சத்து மாத்திரைகள் கரையாமல் முழுசாக வந்தன. பிறகு மோர். கடைசியில் வெறும் தண்ணீர்.

பாளையம்பட்டியிலிருந்து பார்க்க வந்த என் நாத்தனார் தைரியம் சொன்னார்.

“இம்புட்டுப் பெரிய ஆபரேஷனு, ஓங்கரிக்கத்தானத்தா செய்யும். இதுக்குப் போயிப் பயப்படுவாகளா?”

மறுவாரம் எப்படியும் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் நினைத்தோம். எடை வேறு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் விதை, உரக் கடை வைத்திருக்கிறோம். நான்தான் கல்லாவில் உட்காருவேன். வருகிறவர்கள் எல்லோரும், “பாதியா ஆயிட்டீகளேக்கா, இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கீக” என்றார்கள். உடம்பு பட்டினியில் தன்னையே தின்றுகொண்டிருந்த நாட்களில்தான் என் வாழ்நாளிலேயே அதிகப் பாராட்டு கிடைத்தது. நானும் சிரித்தேன்.

பாதம் மரத்தது. தரை பஞ்சாக அமுங்குவதுபோல இருந்தது. சுவரைப் பிடித்து நடந்தேன்.

ஒருநாள் குதிரைவாலி விதை கேட்டு ஒருவர் வந்தார். பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அது தரையில் விழுந்து உடைந்தது.

“என்னக்கா, நான் இங்க நிக்கேன், நீங்க அங்கிட்டு நீட்டுறீக?”

எனக்கு அவர் இரண்டு பேராகத் தெரிந்தார். நான் தப்பான ஆளிடம் நீட்டியிருந்தேன்.

கணவர் அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வாந்தியால் வந்த சோர்வு என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். சோர்ந்து வருகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் செய்வதுதான். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டுமென்று எங்களுக்கும் தோன்றவில்லை. தெளிந்து எழுந்திருக்க வேண்டிய நான், மேலும் மங்கினேன்.

அதன்பிறகு நடந்தது எதுவும் என்னிடம் இல்லை. கணவர் சொல்லித்தான் தெரியும். வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “கடைய எடுத்து வைக்கலையாண்ணே?” என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். என் அண்ணன் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அதைக் கேட்டதுமே கணவர் மதுரை மருத்துவருக்குப் போன் செய்தார்.

“பேச்சு ஒரு மாதிரி இருக்கு டாக்டர். என்னய அண்ணேங்குறா.”

“வாந்தி இருந்துச்சா?”

“ரெண்டு வாரத்துக்கு மேலயே இருக்கு. தண்ணி கூட நிக்கல.”

“கண்ணப் பாருங்க. ஆடுதா?”

அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

“தன்னால ஆடுது டாக்டர். அங்கிட்டும் இங்கிட்டும்.”

“உடனே கெளம்புங்க. வழியில யாரையும் குளுக்கோஸ் ஏத்த விடாதீங்க. நேரா இங்க வாங்க.”

மதுரைக்குப் போகும் வழியில் காரியாபட்டி தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும், “திருச்சுழி வந்துருச்சா?” என்று, விட்டுவந்த ஊரையே கேட்டேனாம். முதலில் பதில் சொன்ன கணவர், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அழுதுகொண்டிருந்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

உடலில் தயமின் (மாவுச்சத்தைச் சக்தியாக மாற்றும் பி1 வைட்டமின், உடல் இதை அதிகம் சேமித்து வைப்பதில்லை) அடியோடு தீர்ந்திருந்தது. அது இல்லாதபோது குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படும். நரம்பு வழியாக தயமின் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் (குழாய்க் கருவியை வாய்வழி விட்டு உள்ளே பார்ப்பது) தைத்த இரைப்பை நடுவில் சுருங்கியிருந்தது தெரிந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். தண்ணீர் இறங்கியது.

நான் ஓரளவு தெளிந்ததும் மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்தார்.

“கண்ணு சரியாயிரும்மா. நடையும் பெரும்பாலும் திரும்பிரும்.”

“மறதி, டாக்டர்?”

“அத மட்டும் இப்ப சொல்ல முடியாதும்மா.”

எனவே, படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். வாந்தி தொடர்ந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். எந்த மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினாலும், அதற்கு முன்பே உங்களுக்கு நடந்த அறுவை சிகிச்சையையும் வாந்தியையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லும் நிலையில் இல்லாமல் போகலாம். ஆகவே, கூட இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.

கண் சரியாகிவிட்டது. கைத்தடியோடு கடைக்குப் போகிறேன். சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கிறது. ஆனால் பசி வருவதில்லை. பசியைத் தூண்டும் பகுதியும் வெட்டியதோடு போய்விட்டது, நாளாக நாளாகக் கொஞ்சம் வரலாம் என்கிறார்கள். போனில் மணி அடிக்கும்போது சாப்பிடுகிறேன். காலைக்கும் மதியத்துக்கும் நடுவே இருந்த அந்த வயிற்றின் இழுப்பு இல்லாததால், ஒரு நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிடிபடுவதில்லை.

நான் வீட்டில் இருக்கும் நேரங்களில், “சாப்ட்டியா?” என்று கடையிலிருந்து கணவர் போனில் கேட்கிறார். வயிறு எதுவும் சொல்வதில்லை. நினைவும் சொல்வதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த தட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டேன்.

இந்த ஊர் வெயிலுக்குத் தட்டு சீக்கிரமே காய்ந்துவிடுகிறது.