ஐந்து கம்ப்யூட்டரும் என் கையெழுத்தும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலையில் பெருக்கிய தரையை மத்தியானம் மறுபடி பெருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய பள்ளி. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உருக்குகிற கம்பெனி. அதிலிருந்து வரும் கரித்தூள் பெஞ்சு, கரும்பலகை, தண்ணீர்க் குடம் எதையும் விடாது. விரல் வைத்தால் மை மாதிரி ஒட்டும். பத்தொன்பது வருஷம் நான் அங்கே ஆயாவாக வேலை பார்த்தேன். என் பள்ளிக்கூடத்தில் தூசி என்று ஒருத்தர் முகம் சுளித்ததில்லை. காய்ந்த விளக்குமாறு போட்டால் தூள் எழும்பி மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். அதனால் எனக்கு எல்லாவற்றுக்கும் ஈரத்துணிதான். என் கையில் வாளி இல்லாமல் என்னைப் பார்த்த வாத்தியார் யாரும் இல்லை.

சுனாமி வந்து போன மறுவருஷம் அந்தக் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆபீஸில் பழசாகிப்போன ஐந்து கம்ப்யூட்டரைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். அதன் பிறகு தலைமையாசிரியர், எங்களுக்குப் பெரிய சார், அவற்றை வைத்த அறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். சரஸ்வதி பூஜைக்கு ஒருநாள் திறந்து ஐந்துக்கும் பொட்டு வைத்தேன். அவ்வளவுதான் அவை பார்த்த படிப்பு.

அப்புறம் மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்து போகிற ஒரு டீச்சர் சேர்ந்தாள். சின்னப் பெண். பெற்றோர் கழகம் கொடுக்கிற சம்பளத்துக்கு வந்தவள். வந்த வாரமே என்னிடம் வந்து நின்றாள்.

"ஆயாம்மா, இந்த ரூம் சாவி யாராண்ட கீது?"

"என்னாண்டதான். இன்னாத்துக்கு?"

"பசங்க படம் வரையப் போறாங்க."

"அதுக்கு சிலேட்டு இல்லியா?"

அவள் சிரித்தாள். அவள் பையில் ஒரு சி.டி. வைத்திருந்தாள். அதைப் பெட்டிக்குள் போட்டதும் திரையில் வெள்ளைத் தாள் மாதிரி ஒன்று வந்தது. ஓரத்தில் கலர் டப்பாக்கள். கையால் நகர்த்துகிற அந்த எலியைப் பிடித்து இழுத்தால் கோடு வந்தது. மாடு, மரம், வீடு, லாரி என்று வரைந்த படங்களும் உள்ளே இருந்தன. எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஒரு படத்துக்குப் பின்னால் இன்னொன்றாக வைத்து ஓடவிட்டால் சினிமா மாதிரி போயிற்று. அதற்குப் பேச்சும் சேர்க்கலாம்.

அதற்கு முன்னால் மத்தியானச் சாப்பாடு ஆனதும் பாதிப் பிள்ளைகள் சுவர் ஏறிக் குதித்துப் போய்விடும். தட்டைக் கழுவி வைக்கிற நான்தான் எண்ணிப் பார்ப்பேன். டீச்சர் அந்த அறையைத் திறந்த பிறகு ஒரு தலை குறையவில்லை. ஒரு பெட்டிக்கு மூன்று பேர். ஒருத்தர் எலியைப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் என்ன வரையலாம் என்று சொல்ல வேண்டும், ஒருத்தர் கலர் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் மணி அடித்தால் ஆள் மாற வேண்டும்.

"ஆயா, சீக்கிரம் மணி அடி ஆயா, இவன் எலிய உட மாட்றான்!"

"மூடு. ஒன் கையில குடுத்தா நீயும் பூனைக்குட்டி மாதிரி எலிய உட மாட்ட."

கரண்டு போய்விட்டால் சிலேட்டில் அடுத்த படத்தை யோசித்து வைப்பார்கள். கணக்குப் பாடத்தையும் அதிலேயே நடத்தினாள். பேருந்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று வரைந்து ஓட்டச் சொல்வாள். வாய்ப்பாடு வராத பையன்கள் பஸ்ஸை ஊத்துக்கோட்டை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவார்கள்.

எனக்கும் அதில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. என் பெயரை அந்த எலியால் எழுத டீச்சர் சொல்லிக் கொடுத்தாள். அச்சு எழுத்தை நான் முன்பே கூட்டிக் கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு படிப்பேன். கையால் எழுதினதுதான் புரியாது. சம்பளப் பதிவேட்டில் அதுவரைக்கும் ரேகைதான் வைத்திருந்தேன். அந்த மாதம் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் பார்க்கும்படி மெதுவாகப் போட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. முதல் நாளே நான் ஈரத்துணியோடு பெட்டிகளைத் துடைக்கப் போக, அவள் பதறி ஓடி வந்தாள்.

"ஐயோ ஆயாம்மா! ஷாக் அடிச்சி நீயும் பூடுவ, மிஷினும் பூடும்!"

மஞ்சளாக ஒரு காய்ந்த துணி கொடுத்தாள். அது கரித்தூளை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் தள்ளியது, எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வாரத்தில் ஒருநாள், அவள் ரயிலுக்குப் போன பிறகு, துணியைச் சொட்டில்லாமல் பிழிந்து வெளிப்பக்கம் மட்டும் துடைத்து விடுவேன். ஒரு பெட்டியும் கெடவில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா அந்த இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். நான்கு மாதம் முன்னால் செத்துப்போனார். கம்பெனிக்கு வெளியே ரோட்டில் லாரி அடித்துவிட்டது என்று சொன்னார்கள். அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டு ரோட்டைத் தாண்டினார் என்றும் சொன்னார்கள். அதிலிருந்து அந்தப் பெண் பள்ளியில் வாய் திறக்கவில்லை. ஆஜர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்கும்.

அவளும் படம் வரைந்தாள். அந்த ஒட்டுப் படங்களில் லாரியை எடுப்பாள், ரோட்டில் வைப்பாள், அழித்துவிடுவாள். மறுபடி வைப்பாள், மறுபடி அழிப்பாள். முழு மணி நேரமும் அதுதான். கூட இருந்த பிள்ளைகள் கத்தினார்கள். டீச்சர் அவளைத் தனியாக ஒரு பெட்டி முன்னால் உட்கார வைத்தாள்.

"ஒனுக்கு லாரி வாணாமா? வாணாம்னா வுடு. அந்த எடத்துல இன்னா இருந்துச்சோ அத வரை."

மூன்று வாரம் வரைந்தாள். பதினான்கு படம். அதற்குப் பேச்சு சேர்க்கிற அன்று டீச்சர் எல்லாரையும் வெளியே அனுப்பினாள். நான் வராந்தாவைத் துடைக்கிற சாக்கில் கதவோரம் இருந்தேன். அந்தக் குரலை மறந்தே போயிருந்தோம். முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது.

"இது எங்க நைனா கம்பெனி. நான் சோறு எடுத்துக்கினு போனேன். வாட்ச்மேன் தாத்தா குந்துன்னு சொன்னாரு. பலகையில நைனா டோக்கன் தொங்கினு இருந்துச்சி. நாப்பத்தேழு. தொங்குச்சின்னா ஆளு உள்ள கீதுன்னு அர்த்தம். உள்ள சங்கிலி அறுந்துச்சி. நாலு பேரு நைனாவ சாக்குல தூக்கினு வந்து டெம்போல போட்டாங்க. தாத்தா டோக்கன கயட்டி பாக்கெட்ல வெச்சிக்கினாரு. லாரி வரல."

அந்தக் கம்பெனியில் பழக்கம் அப்படித்தான். உள்ளே போகிற ஒவ்வொரு கான்ட்ராக்ட் ஆளும் பித்தளை டோக்கனை வாசலில் கொடுக்க வேண்டும். வாட்ச்மேன் அதைப் பலகை ஆணியில் மாட்டுவார். திரும்பும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும். சோறு கொண்டுபோகிற பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாவுடைய எண் தெரியும்.

ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஜன்னலுக்கெல்லாம் நான் சாக்குக் கட்டி இருட்டாக்கினேன். கம்பெனி அதிகாரி முன் வரிசையில். பிள்ளைகளின் பஸ் ஓடியது, மாடு பேசியது, எல்லாரும் சிரித்தார்கள். கடைசியாக அந்தப் பதினான்கு படம். முடிந்த பிறகு யாரும் கை தட்டவில்லை. அவளுடைய அம்மா பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கும் அதுவரை எதுவும் தெரியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி எழுந்து டீச்சரைக் கேட்டார், "யாரு இது சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். அவளே வரைஞ்சது."

"நல்லா வரையுது," என்றார். காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

சாயங்காலமே அந்த அம்மா டீச்சரிடம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அந்தப் படத்தைக் கொடு என்று. கும்மிடிப்பூண்டி பஜாரில் தொழிலாளர் சங்கத்து ஆள் ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் காட்ட வேண்டும், என் புருஷன் உள்ளேதான் செத்தார் என்று நாலு பேர் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்றாள். டீச்சர், பென் டிரைவ் ஒன்று சித்தப்பா மகனிடம் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவந்து ஏற்றித் தருகிறேன் என்றாள். அந்தப் பழைய பெட்டிகளில் படத்தை வெளியே எடுக்க வேறு வழி இல்லை.

சனிக்கிழமை பள்ளி லீவு. நான் தரை கழுவப் போயிருந்தேன். பெரிய சார் போன் பண்ணி, கம்பெனி ஆட்கள் வருவார்கள், சர்வீஸுக்கு எடுத்துப்போக, அறையைத் திறந்துவிடு என்றார். இரண்டு பேர் டெம்போவில் வந்தார்கள். ஒருத்தன் சட்டைப்பையில் பேனா வைத்த குமாஸ்தா. நல்ல பேச்சுக்காரன்.

"இன்னாம்மா, இம்மாம் கரியில இவ்ளோ பளபளன்னு கீது ரூமு?"

"நாந்தான் தொடைக்கிறேன்."

"காஞ்ச துணியிலியா இந்தப் பளபளப்பு? நம்ப முடியல."

"காஞ்ச துணி இன்னாத்துக்கு ஆவும்? வாளில தண்ணி மொண்டாந்து ஈரத்துணி போட்டுத்தான். ஒவ்வொரு வாரமும்."

"பெட்டியுமா?"

"பெட்டி, மேஜ எல்லாம்தான்."

அவன் தலையை ஆட்டினான். நான் சொல்லச் சொல்லத் தாளில் எழுதினான். எடுத்துப் போனதற்கு அத்தாட்சி என்று நீட்டினான். மைப்பெட்டியையும் எடுத்தான், ரேகைக்கு. மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறின மாதிரி எழுத்து, ஒன்றும் படிக்க முடியவில்லை. முடியவில்லை என்று நான் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை டீச்சர் பென் டிரைவோடு வந்து காலி மேஜைகளைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். ஈரத்துணி போட்டதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "எல்லாத்தையும் நீயே சொல்லிட்டியா ஆயாம்மா," என்று மட்டும் கேட்டாள்.

சங்கத்து ஆள் மனுப் போட்டு, இரண்டு மாதம் கழித்துத் திருவள்ளூரில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருத்தர் முன்னால் விசாரணை வந்தது. அம்மா, அந்தப் பெண், டீச்சர், பெரிய சார், நான், எதிரில் அந்தக் குமாஸ்தா. அதிகாரி நல்ல மனுஷன். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, பார்த்ததைச் சொல்லும்மா என்றார். அவள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். வரவில்லை. அவள் பேசினது ஒரே தடவை, அது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியைக் கேட்டதும் குமாஸ்தா என் தாளை நீட்டினான். பள்ளி ஆயா வாரா வாரம் கம்ப்யூட்டர்கள் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்ததால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது, கம்பெனிக்குப் பொறுப்பில்லை. இதுதான் அதில் இருந்தது. கீழே என் பெயர்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "கையெழுத்து உங்களதுதானேம்மா?"

"என்னுதுதான். ஆனா நான் ஊத்தல சார். புழிஞ்சி தொடச்சேன்."

"இதுல ஊத்தினதா இருக்கே. படிச்சுப் பார்த்துத்தான் போட்டீங்களா? படிக்காமப் போட்டிருந்தா சொல்லுங்க. இந்தப் பேப்பரைத் தள்ளி வெச்சிட்டு, மிஷினை இங்க கொண்டாந்து போட்டுக் காட்டச் சொல்றேன்."

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய் எடுப்பதற்குள் குமாஸ்தா பக்கத்து ஆளிடம் சொன்னான், காதில் விழும்படி.

"இதெல்லாம் ரேகை வெக்கிற கேசு. எவனோ பேரு எழுதக் கத்துக் குடுத்துகிறான். படிப்பா, இதுக்கா?"

யாரோ சிரித்தார்கள். பெரிய சாரும் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

"எனுக்குப் படிக்கத் தெரியும்," என்றேன். "படிச்சிட்டுத்தான் போட்டேன்."

அதிகாரி என் தாளைக் கோப்பில் வைத்தார். மிஷினைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அப்புறம் குனிந்து எழுதினார்.

டீச்சரை அடுத்த வருஷம் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பொங்கலுக்கு அப்புறம் மாமன் ஊருக்கு, ஆந்திரா பக்கம், அனுப்பிவிட்டார்கள். அங்கே பேசுகிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகம் இல்லை. இவையெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்குத் திரும்புகிற பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் மடியில் தூங்கிப் போயிருந்தாள். அழுகை, சண்டை ஒன்றும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஆயா, படிச்சேன்னியே. அதுல எங்க ஊட்டுக்காரரு பேரு எழுதியிருந்துச்சா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"சொல்லேன் ஆயா. படிச்சவதானே நீ."

ஊத்துக்கோட்டை வரும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே கூட்டம் இறங்கியதும், மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.