துணைக்கு வந்தவரின் கண்

கடந்த நவம்பரில் என் சித்தியின் கண்ணைக் காட்டத் திருவனந்தபுரம் போய் வந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து இதே காரணத்துக்காக அங்கே போகிறவர்கள் நிறைய என்பதால் எழுதுகிறேன். சுற்றிப் பார்க்க இதில் ஒன்றுமில்லை.

காலை ஏழு மணியளவில் குழித்துறையில் பாசஞ்சர் ரயில் ஏறினோம். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சித்தப்பா வரவில்லை, ஆஸ்பத்திரி வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அவருக்கு இரண்டு வேளைக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் சித்தி புறப்பட்டார். அதே ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து வருடங்கள் ஆகின்றன. இரண்டு முறையும் துணைக்கு இருந்தவர் சித்தி.

ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஓட்டுநர் அந்நகரின் ‘சாலை’ என்ற கடைத்தெருவில் வளர்ந்த தமிழர். “சாருக்கா ஆபரேஷன்?” என்றார். வண்டியில் சார் யாரும் இல்லை.

“சாருக்கு முடிஞ்சாச்சு,” என்றார் சித்தி. “அவருக்கு ரெண்டு கண்ணும் வேணும்லா. ஒண்ணு பேப்பர் படிக்க, இன்னொண்ணு என்னை முறைக்க.”

பதிவு செய்யும் இடத்தில், பழக்கதோஷத்தில் சித்தி பையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். நர்ஸ் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து என்னையே நோயாளி என்று நினைத்துவிட்டார். “அம்மச்சி அவிடெ இருந்நோளூ,” என்று சித்தியை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

“நான்தான் மோளே பேஷியன்ட். இந்தத் தடவை ப்ரொமோஷன்.”

நடைவழியில் காத்திருந்தோம். கண்ணில் கட்டுப்போட்ட ஆண்களுக்குப் பக்கத்தில் மருந்துப் பையோடு மனைவிமார். பெண் நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களோடு வந்திருந்தவர்கள் பெரும்பாலும் மகள்கள். ஒரு காலையில் பார்த்ததை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் மனைவிக்குச் சொட்டு மருந்து விடும் கணவர் ஒருவரைக்கூட அன்று நான் பார்க்கவில்லை.

டாக்டர் இளம்பெண். நெடுநேரம் பார்த்தார். “எடது கண்ணு சரியாகும் அம்மா, அடுத்த வாரம் செய்யலாம். வலதுல புரை ரொம்ப முத்தி, கண்ணுக்குள்ள ப்ரஷர் கூடி, நரம்பு போயாச்சு. ஆபரேஷன் செஞ்சாலும் பார்வை வராது கேட்டோ. வலிச்சிருக்குமே?”

“தலைவலின்னு தைலம் தேச்சேன்.”

“கொறச்சு நாள் முன்னாலே வந்திருக்கக் கூடாதா?”

“வந்தேனே டாக்டரே. ரெண்டு தடவையும் இங்கதான் இருந்தேன். வெளிய, அந்தக் கசேரில உக்காந்து.”

டாக்டர் குனிந்து அடுத்த வாரத் தேதியைச் சீட்டில் எழுதினார்.

காசு ஒரு தடையே இல்லை. சித்தப்பா வெளியே போகிறவர், அவருக்குக் கண் வேண்டும். சித்தி வீட்டுக்குள் தட்டுத்தடவியாவது வேலையை முடித்துவிடுவார். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சித்தி உட்பட எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டோம்.

மாலை ரயிலில் சித்தி இடது கண் வெளியே பார்க்கும்படி ஜன்னலோரம் உட்கார்ந்தார். “ஒண்ணு போதும் மக்ளே. நான் யாரை முறைக்கப் போறேன்?” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகிறவர்களுக்கு: காலை ரயிலிலேயே போய்விடுங்கள், அந்நேரம் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் மருந்து விட்டபின் மாலைவரை மங்கலாகத்தான் தெரியும், தனியே போகாதீர்கள். துணைக்கு வரும் பெண்ணுக்கும் அன்றே ஒரு சீட்டுப் போட்டுக் கண்ணைக் காட்டிவிடுங்கள். எப்படியும் அவர் காலை முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.