சிறந்த ஆட்டக்காரருக்குக் கை தூக்கிய நாள்

எங்கள் ஊர் ஹாக்கிப் போட்டியில் எந்த அணி ஜெயித்தது என்பதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. பந்து கோல் பலகையில் மோதினால் டம்மென்று சத்தம் கேட்கும். அதை யாரும் மறுக்க முடியாது. சண்டையெல்லாம் கடைசியில் கொடுக்கிற ‘சிறந்த ஆட்டக்காரர்’ பரிசுக்குத்தான். அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். எந்த மனிதர்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் தகராறு.

பாபநாசத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். தாளடி அறுத்து முடிந்து வயல்கள் வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் போட்டி நடத்துவார்கள். செலவெல்லாம் அரிசி மில்காரருடையது. வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு போடுவதும் அவர்தான். ஆகவே சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதையும் ஆரம்பத்தில் அவரே சொல்லிவந்தார். அவர் மகன் ஆட வந்தபின் அப்படிச் சொல்வது அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது. ஒரு வருஷம் கூட்டத்தைக் கைதட்டச் சொல்லிப் பார்த்தார்கள். வெளியூர் ஆட்டக்காரர்களுக்குக் கைதட்ட வெளியூரிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. நாற்காலிகள் உடைந்ததுதான் மிச்சம். அடுத்த வருஷம் வாட்ஸப்பில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்காத சிங்கப்பூர் சொந்தக்காரர்கள் எல்லோரும் போட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே கால் பிசகிக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்த வருஷம், முறையை மாற்ற வேண்டும் என்று கமிட்டி கூடியது. அப்பாவும் போயிருந்தார். கல்லூரி அணியில் ஆடியவர் என்பதால் உள்ளூர்ப் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர். மற்ற நாட்களில் மில்காரருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சோறு அந்த நிலத்திலிருந்துதான் வந்தது.

எதிரில் நின்று ஆடினவனுக்குத்தான் யார் நல்ல ஆட்டக்காரன் என்று தெரியும், அரையிறுதிக்கு வரும் நான்கு அணித் தலைவர்களும் உள்ளூர் நடுவரும் ஓட்டுப் போடட்டும் என்று அப்பா சொன்னாராம். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சீட்டில் எழுதிப் பானையில் போடலாம் என்று சொன்னதைத்தான் மில்காரர் ஏற்கவில்லை. நம்ம ஆளுங்களுக்குள்ள மறைக்க என்ன இருக்கு, எல்லார் முன்னாடியும் கையைத் தூக்கிட்டுப் போவோம் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சமமாக வந்தால் பரிசு கொடுப்பவர் தீர்ப்பு என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

இறுதிப் போட்டிக்கு முந்தின சாயங்காலம் மில்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு நடந்தே வந்தார். அதுவரை அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. என் தம்பியின் கன்னத்தைத் தட்டினார். மேட்டூர் இந்த வருஷம் நேரத்துக்குத் திறந்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்றார். அப்பா ஆமாம் என்றார்.

“குறுவைக்கு நம்ம நிலத்த நானே பாத்துக்கலாமான்னு ஒரு யோசனை இருக்கு தம்பி. இன்னும் முடிவு பண்ணல” என்றார் மில்காரர்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் கை தூக்குறப்ப நம்ம பையன மறந்துடாதீங்க. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குரல் உயரவே இல்லை. அவர் போன பிறகும் அம்மா அந்த நாற்காலியை எடுத்து வைக்காமல் அதன் முதுகைப் பிடித்தபடியே நின்றாள். யாரும் திட்டாமல், யாரும் அடிக்காமல், ஒரு வீடு இவ்வளவு பயப்பட முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அன்று சாப்பிடும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வந்துவிடலாமே என்றாள். அந்தப் பையனும் நன்றாகத்தானே ஆடுகிறான், அவனுக்குத் தூக்கினால் என்ன பாவம் என்றாள். கேள்வியில் தப்பில்லை. மில்காரர் மகன் உண்மையிலேயே நன்றாக ஆடுவார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருஷம் அதிகக் கோல் போட்டதும் அவர்தான். ஆனால் அப்பாவின் மனசில் இருந்தது கீழ்வேளூர் அணியின் கோல்கீப்பர். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டே ஆட வந்தவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தார். அவருக்கு இந்தச் சான்றிதழ் உதவும் என்று பேசிக்கொண்டார்கள்.

“கோல் போட்டவன்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிவான். தடுத்தவன யாரு பாக்குறா?” என்றார் அப்பா. பிறகு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். தம்பியின் கையை விடக்கூடாது; ஏதாவது சத்தம் கேட்டால் மைதானத்துப் பின்பக்க வாய்க்கால் வழியாக ஓடி, மெயின் ரோட்டு மருந்துக் கடையில் போய் நிற்க வேண்டும். என்ன சத்தம் என்று நான் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

மைதானத்தில் மில்லில் வேலை செய்கிறவர்கள் கோட்டை ஒட்டி வரிசையாக நின்றார்கள். தெரிந்த முகங்கள்தான். தவிடு வாங்கப் போனால் எங்களிடம் சிரித்துப் பேசுகிறவர்கள். அன்று யாரும் எங்களைப் பார்க்கவில்லை. நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். அப்பா விசில் ஊதும்போதெல்லாம் தம்பியின் கையை இறுக்கினேன்; அவன் வலிக்கிறது என்று அழுதான்.

அண்ணன் இரண்டு கோல் போட்டார். கீழ்வேளூர் ஒன்று போட்டது. இரண்டாம் பாதியில் அப்பாவே எங்கள் ஊர் அணிக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தார். அண்ணன் பந்துக்கு முன்னால் வந்து நின்றார். எதிரில் கோல்கீப்பர் மட்டும். அண்ணன் வலது மூலைக்குத் தள்ளிய பந்தை அந்த மனிதர் உடம்பை வீசி ஒரு கையால் வெளியே தட்டிவிட்டார். கோல்கீப்பர் எழுந்ததும் அண்ணன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்தான் ஜெயித்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த இன்னொரு நடுவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பரிசளிப்புக்கு முன்பே கிளம்பிவிட்டார். அவர் விவரமானவர்.

அணித் தலைவர்கள் நான்கு பேரையும் அப்பாவையும் மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் அணிக்கு அண்ணன்தான் தலைவர். தனக்குத்தானே கை தூக்கக் கூடாது என்பதால் அவர் சும்மா நிற்பார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

மைக்கில் முதலில் அண்ணன் பெயரைச் சொன்னார்கள். அதிராம்பட்டினத்து அணித் தலைவர் கை தூக்கினார். தஞ்சாவூர் அணித் தலைவரும் தூக்கினார். பயந்து தூக்கினார்களா, மனசாரத் தூக்கினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோர் முன்னாலும் தூக்கிய கையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நான் அப்பாவின் கையை மட்டும் பார்த்தேன். அது தொடையோடு ஒட்டியிருந்தது. தூக்கிவிடுங்கள் அப்பா, தூக்கிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மில்காரர் மேடையில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மேலே போகவில்லை.

அடுத்து கோல்கீப்பர் பெயரைச் சொன்னார்கள். கீழ்வேளூர்த் தலைவர் உடனே தூக்கினார். அப்பாவின் கை அதற்குப் பிறகு, மெதுவாக, தோள் உயரத்துக்குப் போய் ஒரு கணம் நின்று, பிறகு முழுவதும் உயர்ந்தது. மில் ஆட்கள் நின்ற பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அம்மா என் தோளைப் பிடித்து வாய்க்கால் பக்கம் திருப்பினாள்.

இரண்டுக்கு இரண்டு. மைக் பிடித்திருந்தவர் சமம் என்று அறிவிக்க வாயெடுத்தார். மில்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அப்போது அண்ணன் கை தூக்கினார்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து யாரோ பாட்டிலைக்கூட நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. கையையும் இறக்கவில்லை.

“நானும் கேப்டன்தானே. என் ஓட்டு அவருக்கு” என்றார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

அத்தனை போன்களுக்கு முன்னால் மில்காரர் வேறென்ன செய்ய முடியும்? அவரே பரிசை எடுத்துக் கோல்கீப்பரிடம் கொடுத்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. கோட்டோரம் நின்றவர்களில் சிலரும் தட்டினார்கள். கேட்டால் ஓடும்படி அம்மா சொல்லியிருந்த சத்தம் வரவே இல்லை.

குறுவைக்கு நிலம் எங்களிடமே இருந்தது. தாளடி அறுப்புக்குப் பிறகு மில்காரர், மிகவும் மரியாதையாக, வேறு காரணம் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டார். அப்பா அய்யம்பேட்டைப் பக்கம் ஒருவரிடம் குத்தகை பேசினார். கொஞ்சம் தூரம், கொஞ்சம் கூடுதல் கஷ்டம், ஆனால் பட்டினி கிடக்கவில்லை. அடுத்த கோடையில் போட்டி நடக்கவில்லை. அண்ணன் வெளியூரில் படிக்கிறார் என்றார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நான் அறிந்து அவர் அதற்குப் பிறகு எங்கள் மைதானத்தில் மட்டையைத் தொடவில்லை.

ஆனால் போட்டி முடிந்த அன்று சாயங்காலம் எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. அப்பா எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். அம்மா காரணமில்லாமல் சிரித்தாள். மைதானத்து வாசலில் மில்காரரின் கார் நின்றது. பின் இருக்கையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஆட்ட உடைதான். முன்னால் மில்காரர், நேராகச் சாலையைப் பார்த்தபடி. நான் கண்ணாடியைத் தட்டி, அண்ணனுக்கு டாட்டா காட்டினேன். அவர் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். பரிசு போன வருத்தம், இவ்வளவு பெரிய ஆளுக்கு இப்படி ஒரு கோபமா என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன்.

எங்கள் பயம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. அவர் தன்னுடைய பயத்தோடுதான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.