சாயம் சோதித்த கைக்குட்டை

என் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கிடக்கிறது. அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை.

மலாயாவின் பெக்கோக் ரயில் நிலையத்தருகே பெரியப்பா துணிக்கடை வைத்திருந்தார். ரப்பர் தோட்டத்துப் பெண்கள் விரும்பும் சிவப்புக் கரைச் சேலைகளைத் தமிழகத்து ஊரிலிருந்து நெசவாளர் ஒருவர் அனுப்புவார். அவருடைய மூன்று தறிகளும் எங்கள் கடை ஒன்றுக்காகவே ஓடின. இருவரும் நேரில் கண்டதில்லை. கப்பலில் வரும் கடிதங்களே உறவு. மூட்டை வந்ததும் பெரியப்பா கைக்குட்டையை நனைத்துச் சேலைக் கரையில் தேய்ப்பார். வெள்ளை மாறாதிருந்தால், அடுத்த கடிதத்தோடு அதை மடித்து அனுப்பிவைப்பார். நெசவாளருக்கு அதுவே பாராட்டு.

ஐரோப்பாவில் போர் மூண்ட ஆண்டை அடுத்து வந்த தீபாவளி அவசரத்தில், அந்தச் சோதனையைச் செய்யாமலே பெரியப்பா விற்றுத் தீர்த்தார். பண்டிகை முடிந்ததும் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் தோட்டப் பெண்ணொருத்தி கடை வாசலில் நின்று சிரித்தாள்: "நல்ல சேலை குடுத்தீங்க முதலாளி! மழையில நனைஞ்சேன், நானும் சிவப்பாயிட்டேன், எம் புருசன் வேட்டியும் சிவப்பாயிடுச்சு. தோட்டமே கேலி பண்ணுதுங்க!"

அன்றே பெரியப்பா கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். கறை படிந்த அதை, ஒரு வரிகூட எழுதாமல் நெசவாளருக்கு அனுப்பினார். பிறகு அவரிடம் வாங்காமல் சிங்கப்பூரிலிருந்து ஆலைச் சேலைகள் வரவழைத்தார்.

மூட்டையை அனுப்புமுன் நெசவாளர் எழுதிய கடிதம் வாரங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. போர்க்காலக் கப்பல் அதைத் தாமதப்படுத்தியிருந்தது. படித்துக் காட்டியவள் நான். "ஜெர்மனிச் சாயம் வருவதில்லை. கிடைக்கும் சிவப்பு நிற்காது. அவுரி நீலம் நம்மிடமே உண்டு; நீலக் கரை நெய்யட்டுமா? பதில் காணாவிட்டால் பண்டிகை தவறாதிருக்கச் சிவப்பையே அனுப்புகிறேன். வாங்குவோரிடம் சொல்லி விற்கவும்."

பெரியப்பா கடிதத்தை வாங்கி மடித்தார். "அடுத்த கப்பலுக்கு எழுதுவோம்மா" என்றார். எழுதவில்லை. வெட்கம் கையைப் பிடித்துக்கொண்டது என்றே இன்றும் எண்ணுகிறேன்.

போர் முடிந்த பின் ஒரு நாள், மெலிந்த மனிதர் ஒருவர் கடைக்குள் வந்து அந்தக் கைக்குட்டையை மேசைமேல் வைத்தார்.

"உங்களுதுங்க. நான்தான் சேலை நெய்து அனுப்பினவன். இப்ப பாலோ பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டுறேன்."

"தறி?"

"நின்னு போச்சுங்க." சற்றுத் தயங்கிக் கேட்டார்: "சாயத்தப் பத்தி ஒரு கடுதாசி போட்டேன். வந்துச்சுங்களா?"

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. "வரலியே" என்றார். நானும் வாய் திறக்கவில்லை.

நெசவாளர் முகம் தெளிந்தது. "அதானே. வந்திருந்தா எழுதியிருப்பீங்க. எம் பொஞ்சாதிகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

பட்டப்படிப்பில் பின்னாளில் வாணிபத்தைப் பற்றி நிறையப் படித்தேன். சாயம் வருவது நின்றால் தறி தடுமாறும். அது போரின் குற்றம். ஆனால் நீலத்துக்கு வழியிருந்தது. அந்த மூன்று தறிகளும் நின்றது எங்கள் வீட்டில் எழுதப்படாத ஒரு பதிலால்.

பெரியப்பா இப்போது இல்லை. கைக்குட்டையைப் பலமுறை வெளுத்துப் பார்த்தேன். சேலையில் நிற்காத சிவப்பு இதிலிருந்து போக மறுக்கிறது.