காஷான் தெருவில் கிடந்த கம்பளம்

சூசை அங்கிள் இன்று காலை இறந்துவிட்டார். உள்துறைமுக வீதியில் ஃபேன், ரைஸ் குக்கர் திருத்தும் கடை வைத்திருந்தவர். ரியூசன் முடிந்து வரும்போது கடைக்கு முன்னால் வெள்ளைக்கொடி...

எனக்கோ அவர், காஷானுக்குப் போய் வந்த மனிதர். ஈரானில், பாலைவனத்து ஓரத்தில் இருக்கிற பழைய நகரம். கம்பளம் நெய்வதற்குப் பேர்போனது.

அங்கிள் இளமையில் கப்பலில் எலெக்ட்ரீஷியன். பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் கப்பல் திருத்தத்துக்கு நின்ற வாரம், பழகிய லொறி டிரைவர் ஒருவர் அவரைக் காஷானுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஒரே ஒரு பகல்தான் அங்கே நின்றார்.

அந்த ஒரு பகலைப் பற்றி நான் கேட்ட கேள்விகள்... பாடசாலையில் தந்த புவியியல் ஒப்படைக்காகத் தொடங்கியவை, நிற்கவே இல்லை.

காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்கள் அங்கே இருக்கிறதாமே என்று ஒருநாள் கேட்டேன். ஒன்றின் கீழே நின்றிருக்கிறாராம். அப்படிக் குளிராம். "மோட்டர் எங்க எண்டு சுத்திச் சுத்தித் தேடினனான் பிள்ளை," என்றார்.

ஆனால் கடைத்தெருவைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஸ்குரூட்ரைவரைத் தேடத் தொடங்கிவிடுவார்.

போன மாதம்தான் சொன்னார். அங்கே நடுரோட்டில் ஒரு சிவப்புக் கம்பளம் கிடந்ததாம். அதன்மேல் வாகனங்கள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. ஏதோ லொறியிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைத்து, பாய்ந்து இழுத்து, மண் தட்டி, சுருட்டித் தோளில் வைத்திருக்கிறார். உரியவரைத் தேடிக் கொடுக்கலாம் என்று.

கடைக்காரர் ஒருவர் கத்திக்கொண்டு ஓடி வந்து பிடுங்கினாராம். கூட்டம் கூடிவிட்டது. இவருக்குப் பாஷை தெரியாது. டிரைவருக்கோ ஆங்கிலத்தில் "நோ ப்ரொப்ளம்" மட்டும்தான் தெரியும். அதையே சொல்லிச் சொல்லி இவரை லொறியில் ஏற்றிவிட்டார்.

"ஒரு தெருவே என்னைக் கள்ளன் எண்டு நினைச்சிட்டுது. வீட்டில கூட நான் சொல்லேல்ல."

நல்ல கம்பளம் ஏன் நடுரோட்டில்? எனக்கு அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நூலகத்தில் பயணப் புத்தகங்களைப் புரட்டினேன். மூன்றாவதில் இருந்தது.

அங்கே சில வியாபாரிகள் புதுக் கம்பளத்தை வேண்டுமென்றே தெருவில் விரிப்பார்களாம். வாகனமும் ஆட்களும் மிதிக்க மிதிக்க அது மிருதுவாகி, நிறம் அடங்கி, பழைய கம்பளம் மாதிரி ஆகிவிடும்.

போன வியாழன் பாடசாலை விட்டதும் யூனிஃபோமோடு ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார்.

"அப்ப அந்தாள் என்னைக் கள்ளன் எண்டு கத்தேல்லப் போல. நான் அவற்ற வேலையையெல்லோ குழப்பிப்போட்டன்."

பிறகு சிரித்தார்... கடை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஆட்களெல்லாம் என்னவென்று கேட்கும்வரை. அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னார்.

இன்று அவருடைய வீட்டுக்குப் போனேன். அங்கிளின் மனைவி, அன்ரி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பளத்தைக் கண்டுபிடிச்ச பிள்ளை நீங்களோ? வியாழக்கிழமை வந்து எனக்கும் சொன்னவர், பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொன்னவர். எத்தனை நாளைக்கு ரோட்டில போட்டு வைப்பினம் எண்டு உங்களிட்டக் கேக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."

எனக்குத் தெரியாது என்றேன்.

அந்தப் புத்தகத்தில் அது இல்லை, அங்கிள். வேறு புத்தகங்களில் தேடுகிறேன்.

நீங்கள் போய் வாருங்கள்...